அரைப்பேர்

பதினெட்டு செகண்ட்தான் மொத்தமே.
அதில் ஏழை நான் வெட்டினேன்.

அந்தி நிறுவை. மழை விட்டும் விடாத நேரம்.
தராசுக் கொக்கியில் சாக்குத் தொங்குகிறது.
இடுப்புப் படங்கு சொட்டச் சொட்ட
சந்தனமேரி கேட்கிறாள்:
“தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒண்ணு,
பொறவு தொரை வளக்குற நாய்க்கும் ஒண்ணா?”

அந்தக் கேள்விக்குறியில் நிறுத்தினேன்.
மீதி ஏழும் சிரிப்பு.
வரிசை முழுக்க, முதுகுக் கூடைகள் குலுங்க,
கணக்கப்பிள்ளைகூடத் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு.
சிரிப்பைப் போட்டால் யாருக்குக் கோபம் வரும்?

லயத்தில் சிக்னல் கிடையாது.
ரோதமுனிக் கல்லுக்கு ஏறி
சூலத்துக்குப் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்து அனுப்பினேன்.
‘உறவுகளே பகிருங்கள்’ என்று ஒரு வரி,
மூன்று நெருப்பு, ஒரு மூடிய கை.
எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்க
அன்றிரவு ஐந்து தடவை ஏறி இறங்கினேன்.
அட்டை கடித்திருந்ததைக் காலையில்தான் கண்டேன்.

விடியும்போது நாற்பதாயிரம்.

டொரண்டோவில் ஒருவர் அழுதிருந்தார்.
கொழும்பில் ஒருவர்: இதுகளுக்கு வேலை செய்ய வலிக்குது.
சென்னையில் ஒருவருக்குச் சந்தேகம், இது ஊட்டியா மூணாறா.
ஒரு கட்சி மூலையில் தன் கொடியை ஒட்டியது;
மத்தியானத்துக்குள் மற்றக் கட்சி
அதை மறைத்துத் தன் கொடியை.
சிங்களத்தில் யாரோ கீழே எழுத்துப் போட்டார்கள்.
அதில் அந்த ‘க்கும்’ எங்கேயோ தொலைந்து
தொரையே நாயாகிப் போனார்.

ஞாயிறு, அட்டன் மல்லியப்பு சந்தி.
பத்தடி பேனரில் அவள் முகம்,
வாய் திறந்து, நரம்பு புடைத்து.
பஸ்கள் நின்றன.
நானும் கத்தினேன், தொண்டை கட்டும்வரை.
எல்லாக் கையும் மேலே இருந்தது,
பாதிக் கையில் போன்.
அவள் வரவில்லை.
ஞாயிற்றுக்கிழமைதானே விறகுக்குப் போக முடியும்.

திங்கள் பெரட்டுக் களத்தில்
தொரை போனைப் பார்த்துப் பேர் வாசித்தார்.
லைக் போட்டவர்களின் பேர்.
ஆறாம் லயத்துத் தவமலர்,
மருந்தடிக்கும் பெருமாளின் மகன்,
இதயம் போட்ட பிள்ளை மடுவத்து ஆயா.
பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் சந்தனமேரி
பதினாலு நாளைக்கு மலைக்கு வர வேண்டாம்.

ஊர் உலகமெல்லாம் பேர்.
செக்ரோலில்
அந்தப் பதினாலு நாளும் அரைப்பேர்கூட விழவில்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
தராசை மாற்றினார்கள்.
இப்போது தண்ணிக்கு ஒரு கிலோதான்.
மிச்சமான அந்த ஒரு கிலோ யாருடையது?
அவளுடையதா, பேனருடையதா, நாற்பதாயிரத்துடையதா?
என்னுடையது என்று நானும் ஒரு போஸ்ட் எழுதி
போடாமல் வைத்திருக்கிறேன்.
அடுத்த வாரம் எல்லாரும்
ரயிலில் அடிபட்ட ஒரு யானைக்காக அழுதார்கள்.

நேற்று கடைக்கு வந்தாள்.
கண்ணாடிப் பெட்டியில் ஈரக் குடையைச் சாய்த்துவிட்டு
“முழுசாக் காட்டு” என்றாள்.

பார்த்தாள்.
சிரிக்கிற இடம் வந்ததும் விரலை நீட்டி
திரையில் தன் பல்லைத் தொட்டாள்.
தொட்டதும் படம் நின்றுவிட்டது.

“இது நல்லாத்தானே இருக்கு.
இத ஏன்டா வெட்டிப்புட்ட?”

எனக்கு டைப் பண்ணத்தான் வரும்.
ஒரு சார்ஜர் வயரை எடுத்துச் சுற்றினேன்,
அவிழ்த்தேன், மறுபடி சுற்றினேன்.

முந்தானை முடிச்சிலிருந்து நூறு ரூபா.
வத்தளையில் வீட்டு வேலைக்கு நிற்கிற மகளுக்கு எடுக்க வேண்டுமாம்.
“டேட்டாவெல்லாம் வேணாம்” என்றாள்.
“பேச மட்டும் போடு.”