ஏழாம் பெட்டி

வெள்ளிக்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.
அதற்குள் அடுப்பின் உட்புறம் பளிச்சென்று இருக்கவேண்டும்,
இல்லையென்றால் அறுபது யூரோ.
முனைவரான மூன்றாம் நாள்
மண்டியிட்டு
ஐந்து வருடத்துப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்
குவோபியோ நகரில், இரவு பத்தரைக்கு.
வெளியே வெயில்.

குத்தாய்சியிலிருந்து தம்பி அழைக்கிறான்.
மேசைக்கு அளவு கேட்கிறான்,
ஜன்னலோரமா சுவரோரமா என்று கேட்கிறான்.
நான் ஊருக்கு வருவதாக யார் சொன்னது
என்று நான் கேட்கவில்லை.
அளவுநாடா சுருண்டு கூட்டுக்குள் ஓடும் சத்தம்
தொலைபேசியில் துல்லியமாகக் கேட்டது.
"ஒன்றரை மீட்டர்" என்றேன்.
பொய்யில்லை.
மேசை என்றால் ஒன்றரை மீட்டர் வேண்டும்தான்.

கனடாவிலிருந்து ஒரு கடிதம்:
இரண்டு வருட வேலை, திங்களுக்குள் பதில்.
இங்கேயே இன்னொன்று:
நேற்றுவரை சதுப்பை வெட்டி எரித்த கம்பெனி
இன்று சதுப்பைக் காக்க ஆள் தேடுகிறது.
சம்பளம் கொழுத்த சம்பளம்.
இரண்டையும் அச்சடித்து
அடுப்புக்குக் கீழே விரித்திருக்கிறேன்,
கரி தரையில் விழாமலிருக்க.

பன்னிரண்டு பெட்டிகள் வைத்திருந்தேன் சதுப்பில்.
பலகைப் பாதையோரம், கண்ணாடி மூடியிட்டு,
மண் விடும் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினொன்று நான் எதிர்பார்த்தபடி மூச்சு விட்டன.
ஏழு மட்டும்
நடுராத்திரியில் பெருமூச்சு விடும்,
பட்டப்பகலில் மூச்சை அடக்கிக்கொள்ளும்.
பிற்சேர்க்கையில் ஒரு வரி எழுதினேன்:
மூடியில் கசிவு, நீக்கப்பட்டது.

மூடியைப் பார்க்க நான் போகவேயில்லை.
ஒரு வாரம் பனி.
ஒரு வாரம் காய்ச்சல்.
மற்ற வாரங்களில், மறைப்பானேன், சலிப்பு.

எதிர்வாதி கறுப்புக் கோட்டில் வந்திருந்தார், நல்ல மனிதர்.
இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு
கடைசியில், போகிறபோக்கில்,
"ஏழு என்ன ஆயிற்று?" என்றார்.
"கசிவு."
தலையசைத்துப் பக்கத்தைப் புரட்டினார்.
அந்தக் காகிதச் சத்தத்தில்தான் நான் டாக்டரானேன்.
கைதட்டியதெல்லாம் அப்புறம்.

வியாழன் காலை இல்க்கா வேனோடு வந்தார்.
திட்டம் முடிந்தது, பெட்டிகளைப் பிடுங்க உத்தரவு.
"முன்சீட்டில் இடமிருக்கிறது" என்றார்.
அதற்குமேல் பேசினால் அவருக்குச் செலவு.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் எனக்குத் தெரியும்:
மூன்று மீட்டர் நாற்பது.
காலைத்தான் விட்டதில்லை.
பலகையிலிருந்து இறங்கினேன்.
முழங்கால்வரை குளிர்,
காதுக்குள் கொசு,
பாசிமேல் சின்னச் சின்ன வெள்ளைப் பூ.
ஏழின் மூடியைச் சுற்றி விரலை ஓட்டினேன்,
ஒரு முறை, இன்னொரு முறை,
சோப்புத் தண்ணீர் பூசி ஒரு முறை.

ஒரு குமிழிகூட வரவில்லை.

இல்க்கா பிளாஸ்கைத் திறந்து
காப்பியை எனக்கு முதலில் ஊற்றினார்.
பதினொன்றும் வேனில் ஏறிவிட்டன.
"இதையும் எடுக்கவா?"
வேண்டாம் என்றேன்.
எதற்கு என்று அவர் கேட்டிருந்தால்
எடுத்துவிடச் சொல்லியிருப்பேன்.
அவர் கேட்டது வேறு:
"பேட்டரி நாற்பது நாள் வரும். அதற்குமேல்?"
வழியெல்லாம் பேசாமல் ஓட்டினார்.
ஊர் எல்லையில், சிவப்பு விளக்கில்,
"சவுனாவுக்கு மேலே என் அறை காலி.
எலி உண்டு" என்றார்.

கனடாவுக்கு எழுதினேன்.
ஆறு முறை அழித்தபின் மிஞ்சியது:
என் ஆய்வில் ஒரு வரி தவறு,
அதைப் பார்த்துவிட்டு வருகிறேன்,
காத்திருக்க முடியாவிட்டால் வருத்தமில்லை.
கடைசி மூன்று சொல்லும் பொய்.
அனுப்பிவிட்டேன்.
எதிர்வாதிக்கு எழுதவேண்டியது
இன்னும் முதல் வரியிலேயே நிற்கிறது.
தம்பி படம் அனுப்பியிருந்தான்:
ஜன்னலோரம் மேசை,
வார்னிஷ் இன்னும் காயவில்லை.
'நல்லா இருக்கு' என்று மட்டும் பதில் போட்டேன்.

வெள்ளி. மார்க்கெத்தா டார்ச் அடித்து
அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.
அறுபது யூரோ தப்பியது.
படிவத்தில் புதிய முகவரி கேட்டிருந்தது.
இல்க்காவின் கிராமத்தை எழுதினேன்,
எழுத்துக்கூட்டி.
"எதுவரை?" என்றாள்.
பனி விழும்வரை என்றேன்.
பேனாவை நீட்டினாள்:
"தேதியாக எழுது."