இஸ்திரிப் பலகை

சாப்பாட்டு மேசை கிரெய்க்கோடு போய்விட்டது,
ஆறு நாற்காலிகளும் கூடவே.
வக்கீல் தாளில் அது ஒற்றை வரி:
ஓக் மரம், நீள்வட்டம், ஒன்று.
ஆகவே இந்த நவம்பர் வியாழனில்
இஸ்திரிப் பலகையைக் கால் விரித்து நிறுத்தினேன்.
கிறீச்சென்று ஒருமுறை கத்திவிட்டு நின்றது.
மேலே நீலக்கோடு போட்ட படுக்கை விரிப்பு.
கூர்முனை ஜன்னலைப் பார்த்தபடி,
ஏரிக்குக் கிளம்பும் படகு மாதிரி.

வான்கோழி இல்லை.
கீழ்வீட்டு ஆர்விட்டின் பல்செட்
பழுதுபார்க்கப் போயிருக்கிறது, திங்கட்கிழமைதான் வரும்.
மெல்லுகிற எதுவும் வேண்டாமென்று
கதவிடுக்கில் சீட்டு செருகியிருந்தார்.
கீழே 'மன்னிக்கவும்'.
அதற்கும் கீழே, வேறு பேனாவில்,
'பூசணிப் பை ஆகும்'.

பட்டாணி சூப் வைத்தேன்.
உருளைக்கிழங்கை மசித்தேன், வெண்ணெய்க்குக் கணக்குப் பார்க்காமல்.
பை கடையில் வாங்கியது.
விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்தேன்,
யாரை ஏமாற்ற என்று தெரியவில்லை.

நாலரைக்கே இருட்டிவிடும் ஊர் டுலூத்.
இருட்டியபின் மணி அடித்தது.
பிரின் நின்றாள். பதினைந்து வயது,
அவள் அப்பாவின் பழைய கோட்டு முழங்கால் வரைக்கும்.
பஸ் ஓடாத நாள், நடந்தே வந்திருக்கிறாள்.
"அங்கே இருபத்திரண்டு பேர், ரெண்டு வான்கோழி.
என்னைக் குழந்தைகள் மேசையில் போட்டுட்டாங்க."
கோட்டின் உட்பையிலிருந்து
அலுமினியத் தாள் பொட்டலம் வெளியே வந்தது.
ஒரு கால். இன்னும் வெதுவெதுப்பாக.
திருடினேன் என்றுதான் சொன்னாள்,
பரிசு வாங்கியவள் குரலில்.

கிரெய்க்குக்குச் செய்தி அனுப்பினேன்: இங்கேதான் இருக்கிறாள்.
நெடுநேரம் மூன்று புள்ளிகள் துள்ளின.
பிறகு: சரி.

ஏழு வருஷம் அவளுக்குத் தலை பின்னியிருக்கிறேன்.
பள்ளிப் படிவங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
மார்ச்சில் நீதிபதி முத்திரை குத்தியதும்
'உறவு' என்ற கட்டம் காலியாகிவிட்டது.
மாற்றாந்தாய் என்பதே கசந்த சொல்.
அதிலிருந்தும் நீக்கப்பட்டவளுக்குச்
சொல்லே கிடையாது.

ஆர்விட் டை கட்டிக்கொண்டு வந்தார்,
வாயைக் கையால் மூடிச் சிரித்தார்.
பலகையின் மேல் அந்தக் கால்.
மூன்று பேரும் அதையே பார்த்தோம்.
பிரின்தான் எழுந்தாள்,
எலும்போடு தூக்கி சூப்பில் போட்டாள்.
இருபது நிமிஷம்
ஜன்னல் வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாப்பிட்டு முடியும் சமயம் நன்றி சொல்லும் சுற்று.
"வெண்ணெய்க்கு," என்றார் ஆர்விட்.
பிரின் தோளைக் குலுக்கினாள். "அடுத்த ஆள்."
நான் வாயைத் திறந்தேன்.
டிப்போவிலிருந்து ஃபோன்:
ஆறு அங்குலம் வருகிறதாம்,
லண்டன் ரோடு முழுக்க என் பங்கு.

இரவெல்லாம் பனி தள்ளினேன்.
கலப்பைத் தகடு தாரில் உரசும்போதெல்லாம் வண்டி அதிர்ந்தது.
ஏரிப்பக்க வீடுகளில்
நீளமான மேசைகள், இன்னும் எரிகிற மெழுகுவத்திகள்.
பொறாமையா என்றால், ஆமாம்,
அறுபதாவது அவென்யூ வரைக்கும்.
அங்கே திரும்பவேண்டும், கவனம் அதற்கே போய்விட்டது.

விடியலில் வீடு வந்தால்
சோபாவில் கோட்டோடு தூங்குகிறாள்.
ஆர்விட் பாத்திரமெல்லாம் கழுவி
தப்பான அலமாரியில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்.
பலகையை யாரும் மடக்கவில்லை.
தட்டால் மூடிய ஒரு கிண்ணம் அதன்மேல்.
ஆறிய சூப், ஆடை கட்டியது.
நின்றபடியே குடித்தேன், பூட்ஸைக் கழற்றாமல்.

திங்கட்கிழமை சீருடை தேய்த்தபோது
சூடு பட்டு, உறைக்குள் ஊறியிருந்த பட்டாணி வாசம்
குப்பென்று எழுந்தது.
டிப்போவில் லாய்ட் மூக்கை உறிஞ்சினான்.
"சூப்பா?"
"ஆமாம்," என்றேன்.
சாவியை எடுத்துக்கொண்டேன்.