இருபத்தெட்டுப் புள்ளி

சத்துவாச்சாரி மாடியில் ஒன்பது சாக்குப்பை.
எல்லாம் முள்ளுக்கத்தரி, விதை இலவம்பாடியது.
பங்குனி முடியுமுன் இலையெல்லாம் சல்லடை;
நரம்பு மிச்சம், பச்சை இல்லை.

புள்ளி போட்ட வண்டு என்றார்கள்.
புள்ளி போட்டதையெல்லாம் நசுக்கினேன்.
அடுத்த வாரம் கொழுந்து நிறைய அசுவினி,
பிசுபிசுவென்று, எறும்பு வரிசையோடு.

ரத்தச் சொட்டு பார்க்கிற வேலை எனக்கு.
சீட்டு மாறினால் ஆளே மாறிப்போகும் என்று
புதிதாய் வந்தவர்களை அதட்டுகிறவள்.
அந்த ஞாயிறுதான்
லென்சை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பளபளப்பது அசுவினி தின்கிற பொறிவண்டு.
இது மங்கல்,
தேய்க்காத செம்புக் குடம்போல்.
முதுகில் பொடி மயிர்.
புள்ளி இருபத்தெட்டு.
(ஒருமுறை இருபத்தேழு வந்தது.)
இலையைத் திருப்பினால்
நிற்க வைத்த சீரகமாய் மஞ்சள் முட்டை,
பக்கத்தில் முள் முளைத்த புழு,
எந்த அவசரமும் இல்லாமல்.

வெயில் ஏறுமுன் சோப்புத் தண்ணீர் டப்பாவில்
ஒவ்வொன்றாய்த் தட்டிவிடுகிறேன்.
முட்டையிட்ட இலையைக் கிள்ளி அதிலேயே.
சாயங்காலம் வேப்பங்கொட்டைக் கரைசல்,
இலையின் அடியில்.

"பிரியாணிக்குத் தொட்டுக்க எப்போ காய்?"
அடுத்த மாடியிலிருந்து மெகருன்னிசா.

இன்று பதினாறு.
பதினேழாவதைத் தட்டப்போன விரல்
நின்றது. பளபளப்பு.
விரலில் ஏற்றி
அசுவினி பிடித்த செடிக்கு நடந்தேன்.
பாதி வழியில் இறக்கை விரித்து
மெகருன்னிசாவின்
வெண்டைக்குப் போய்விட்டது.