இல்லாத தட்டு

பனியாறு உடையும் ஓசையைப்
பதினோரு மைக்குகள் இரவெல்லாம் கேட்கின்றன.
கேட்டதை வைக்கத்தான் இடமில்லை.
தொண்ணூற்றேழு சதவீதம். சிவப்பு.

புது டிஸ்க் ஏற்றிய கப்பல்
இலுலிசாட்டுக்கு ஜூனில்தான் வரும்.
இது பிப்ரவரி. கடல் கல்லாய்க் கிடக்கிறது.

அவியாயா ஃபின்லாந்துக்கு எழுதினாள்.
மூடிய காகித ஆலைக்குள் சர்வர்கள் காக்கும் தௌனோ
ஒற்றை வரியில் பதில் போட்டான்:
"இருபது டெராபைட் வெட்டி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்."

முகவரி. கடவுச்சொல். என்டர்.

இல்லாத தட்டொன்று
இருக்கும் தட்டுகளோடு வரிசையில் வந்து உட்கார்ந்தது.
கம்ப்யூட்டருக்குச் சந்தேகமே இல்லை.
பக்கத்து அறையில் சுழல்வதாகவே நம்பி
எழுதத் தொடங்கியது.
ஒவ்வொரு விரிசலும்
கோபுரம் கோபுரமாய்த் தாவி, கடலுக்கடியில் ஓடி,
மரக்கூழ் வாசம் இன்னும் போகாத கூடத்தில்
போய்ப் படுத்தது.

விடியற்காலை நாலுக்கு அறுந்தது.
எந்தக் கோபுரத்தை உறைபனி அடைத்ததோ.
திரை
பிழை என்றும் சொல்லவில்லை,
முடிந்தது என்றும் சொல்லவில்லை.
பாதி எழுதிய ஓசையோடு
நீட்டிய கையை மடக்கத் தெரியாமல்
நின்றது கம்ப்யூட்டர்.

அவள் காபி போட்டாள். குடிக்கவில்லை.
வெளியே சங்கிலியில் நாய்கள்
ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று ஊளையிட்டன.

ஏழு பத்துக்கு மீண்டும் உயிர்.
விட்ட இடத்திலிருந்தே எழுத்து ஓடியது,
ஒன்றும் நடக்காததுபோல.

தௌனோ எழுதினான்:
"உன் பனியாறு இங்கே சூடாகிறது.
இன்னொரு ஃபேன் போட்டிருக்கிறேன்."

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கத்தானே தோன்றும்.
"இன்னும் இருபது கிடைக்குமா?" என்றாள்.
"மே மாதம்தான் இது
வாயையே திறக்கும்."