சோதனைக்கூலி

தராசில் வைத்தால் கார்பன்தான் ஜெயிக்கும்.
போன செப்டம்பர், பெட்ஸா மலைச் சரிவில்
ஜெயித்ததே கழன்றது:
மிதிகட்டை த்யாஷாவின் ஷூவைக் கவ்விக்கொண்டு
கூடவே நடந்து வந்தது.
மீதி ஒன்பது கிலோமீட்டர்
வலது காலின் கணக்கில்.

"இருநூறு கிராம் கூடுதல்" என்கிறான் பிளாஷ்,
எஃகு கிராங்கை மேசையில் வைத்து.
"காலையில் ஒரு துண்டு ரொட்டியைக் குறைச்சுக்கிறேன்."

நூற்றெழுபத்தைந்தா, அறுபத்தைந்தா?
குட்டையே போதும்.
இந்த ஊர்ப் பாறைகளுக்குக் கை நீளம்.

புதுசு பளபளக்கிறது.
அவள் விரலோ
வாடகை வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட ஜோடியில்:
கருப்பு உரிந்து, முனையெல்லாம் கீறல்.
நாலு கோடை.
முன்னூறு அந்நியர்கள்,
ஒருவரும் இதற்காகப் பிரேக் பிடித்ததில்லை.

"இது."
"பாதி விலை கொடு."
"முழுசா வாங்கிக்கோ,
சோதனைக்கூலியும் சேர்த்து."