லக்கேஜ்

சந்திப்பு – பாபநாசம் வண்டியில்
பதினாலு வருஷமாய் நடத்துநர்.
தோல்பை வயிற்றில் தொங்க வேண்டியது.
வாரை இரண்டு துளை இறுக்கி
மார்புக்கு நேராக ஏற்றி வைத்திருந்தேன்.
சில்லறை குலுங்கினால்
வேறெது குலுங்குவதும் தெரியாது.

வீரவநல்லூர்ப் பள்ளியில் கபடிக்கு
இரண்டு அணி பிரிப்பார்கள்:
சட்டை போட்டது, போடாதது.
பி.டி. வாத்தியார் விரல் என் பக்கம் வருமுன்
எனக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

முப்பத்தொன்பதாம் வயதில்
பி.எஃப். கடன் தாளில் மருத்துவச் செலவு என்றும்
டிப்போவில் குடலிறக்கம் என்றும் எழுதினேன்.
காப்பீட்டு ஆபீஸ் பையன் மட்டும் உள்ளதை வாசித்துவிட்டு
"இது அழகு சம்பந்தப்பட்டதுல்லா சார்" என்றான்.
என் முகத்தையும் ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில்
நிற்க வைத்து ஊதா மையால் வரைந்தார் டாக்டர்.
"படுத்தா சரிஞ்சிரும். நின்னாத்தான் உண்மை தெரியும்."
வட்டம், வட்டத்துக்குள் வட்டம்,
புவியியல் புத்தகத்தில் மலைக்குப் போடும் கோடுகள்.
வெளிச்சத்தில், கதவு ஒருக்களித்துக் கிடக்க,
சட்டை இல்லாமல் அவ்வளவு நேரம்
அதற்குமுன் நான் நின்றதில்லை.

விழித்தபோது இரண்டு பக்கமும் குழாய்.
நுனியில் பிளாஸ்டிக் குடுவைகள்,
உள்ளே தர்பூசணிச் சாறு நிறத்தில் கொஞ்சம்.
நர்ஸ் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்:
மஞ்சள் கொழுப்பு, நடுவே வெளுத்த கட்டி,
வேகாத கொழுக்கட்டை.
இடது நூற்றறுபது கிராம். வலது நூற்றிமுப்பது.
இவ்வளவுதானா.
இதற்கு லக்கேஜ் டிக்கெட் கூடக் கிழிக்க மாட்டேனே.

பரிசோதனைக்குப் போனது.
ஒன்பதாம் நாள் "ஒண்ணுமில்ல" என்று வந்தது.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்.

வீட்டில் முப்பிடாதி அளந்தாள்.
பால் கணக்கு எழுதும் காலண்டரில்
இ. முப்பது, வ. இருபத்தஞ்சு,
மறுநாள் இ. இருபது, பால் அரை லிட்டர்.
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்
விளக்கணைத்த பிறகே பனியன் கழற்றியவனை
டியூப் லைட்டுக்கு அடியில் உட்காரவைத்துத் துடைத்தாள்.
இறுக்கு உடுப்பு ஆறு வாரம், ராப்பகலாய்.
முன்பக்கம் வரிசையாய்க் கொக்கி.
என்னால் கையைத் தூக்க முடியவில்லை.
"மூச்சை வெளிய விடுங்க. கீழேருந்து மாட்டணும்.
எங்களுக்கு இது ஆயுசுக்கும் உள்ள வேலை."
சிரித்துவிட்டேன். தையல் சுண்டியது.
"சிரிக்காதிய" என்று அவளும் சிரித்தாள்.

டிரைவர் சவரிமுத்து ஆப்பிளோடு வந்தார்.
"கனம் கினம் தூக்கிராதேயும் வே,
இறங்குன குடல் திரும்ப இறங்கும்."
அவர் கண் என் அடிவயிற்றையே சுற்றி வந்தது.
நெஞ்சில் கை வைக்கப் போய்
நிறுத்திக்கொண்டேன்.

மறுபடி வண்டி. பை வயிற்றில்.
கை மேல்கம்பிக்கு எட்டுகிறது.
இடது காம்பில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை.
வளைவில் வார் உரசினால்
பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுகிற மாதிரி.

நேற்று சேரன்மகாதேவியில் ஏறினான்,
பிளஸ் ஒன் இருப்பான்.
சீட் காலி, உட்காரவில்லை.
தோள் இரண்டும் முன்னால் வளைந்து
புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தான்.
காலருக்குள் பனியன் விளிம்பு,
அதற்குள் இன்னொரு பனியன் விளிம்பு.
"ஏல, பையக் கீழ வைய்யி" என்று
நாளுக்கு நூறு தடவை சொல்லும் வாய் திறந்தது.
பாஸை வாங்கிப் பார்த்தேன்.
போட்டோவில் கழுத்து வரைதான் இருந்தான்.
திருப்பிக் கொடுத்தேன்.

வீரவநல்லூர்ப் பள்ளி நிறுத்தத்தில்
பை முதலில் இறங்கியது, பிறகு அவன்.
விசில் ஊதினேன்.
வண்டி நகரவில்லை.
"ரெட்டை விசில் அடியும் வே" என்று
முன்னாலிருந்து கத்தினார் சவரிமுத்து.