பதினைந்து மில்லிமீற்றர்

பதினாலாம் கட்டில். அந்தோனிமுத்து பெனில்டஸ்.
தொழில்: சுழியோடி, கடலட்டை.
கண்ணில் செங்கண்மாரி, உடம்பெல்லாம் உதறல்.
கண்டியில் பித்தக்குழாய்க்குள் வைத்துவிட்ட பிளாஸ்ரிக் குழாய்
நாலாம் மாதமே அடைத்துக்கொண்டது.

அவருடைய பித்தம் ஒரு சிறு போத்தலில்
என் மேசைக்கு வந்தது, பாசி நிறத்தில்.
பித்த உப்புக் கலந்த தட்டில்தான் வளர்ப்போம்,
கசப்பைத் தாங்காதது அதிலேயே சாகட்டும் என்று.
இது சாகவில்லை.
மறுநாள் கசப்பின்மேல் பளபளவென்று குந்தியிருந்தது,
பக்கத்துக் குழாயின் அடியைக் கரியாக்கியிருந்தது.
மூடியைத் திறந்தால்
வற்றுநேரத்துச் சேற்றின் மணம்.

பெயர் பிடிக்க மூன்று நாள்.
"என்னது?" என்றார் டொக்டர் யசோதினி, தொலைபேசியில்.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
"அது கடல்ல கிடக்கிறதெல்லோ?"
ஓம். அவரும் கடலில்தானே கிடக்கிறார்.

பிறகு மருந்து வில்லைகள், சட்டைப் பொத்தான் அளவில், ஆறு.
ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி
வெறும் வட்டமொன்றை வென்றெடுக்க வேண்டும்.
ஐந்தின் விளிம்புவரை
கிருமி ஈரமாக ஏறி நின்றது.
ஆறாவதைச் சுற்றி மட்டும் குறுகலாய் ஒரு துறை.
அடிமட்டம் வைத்தேன். பதினைந்து.
இன்னொருமுறை வைத்தேன்,
இரண்டு மில்லிமீற்றர் கூட்டித் தராதா என்று.
பதினைந்து என்றால்
ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.
அப்படியே எழுதினேன்.

அவருடைய மனைவி யன்னலடியில் நின்றா.
"அஞ்சு நாளுக்குத் தந்த குளிசை, மிஸ்.
காய்ச்சல் விட ரெண்டாம் நாளே கடலுக்குப் போயிட்டார்.
அதாலயோ?"
இல்லையம்மா என்றேன்.
எனக்குத் தெரியாது.
நாங்கள் குளிசை செய்யப் பழகுமுன்னரே
கடலடியில் அதற்கு அந்த வித்தை தெரிந்திருக்கலாம்.
என் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில்
மகனின் தடிமனுக்கு, துண்டில்லாமல் பாமசியில் வாங்கியது
மூன்று மிச்சம் கிடக்கிறது.
போன வருடத்துப் பாணிமருந்தைத் தொட்டியில் ஊற்றினேன்.
தொட்டி வாய்க்காலுக்கு, வாய்க்கால் குடாவுக்கு.
அவர் சுழியோடுகிற குடா.
இதை அவவிடம் சொல்லவில்லை.

விடிய ஆறரைக்கு வெளியே வந்தால்
ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புள்ளிமான்,
குப்பையிலிருந்து இழுத்த
மருந்துப்பெட்டி மட்டையை மென்றபடி.
விரட்டினேன்.
நாலடி போய்த் திரும்பிப் பார்த்தது.
வாய் நிற்கவில்லை.